ஐயக் கோட்டையும் வாக்குத் திறவுகோலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

'சோதனையும் ஐயமும் வரும் வேளையில் திருமறைச் சொல்லைப் பற்றி நிற்றல்' என்பது எனக்கு அளிக்கப் பெற்ற பொருள். இது தேவாலயத்தில் பேசுவதற்குரியது, இலக்கிய மேடையில் இதற்கென்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பல சமயத்தாரும் எச்சமயமும் சாராதாரும் அமர்ந்திருக்கும் அவை இது. ஆயினும், ஒரு மனிதன் ஒரு சொல்லை எவ்வாறு பற்றுகிறான், அச்சொல் அவனை எவ்வாறு பற்றுகிறது என்பது கவிஞர்களுக்கு அயலான செய்தி அன்று. ஒரு சீர் அமையாமல் மூன்று இரவுகள் உறங்காதவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். ஒரு தொடருக்காக ஓராண்டுக்கு மேல் தேடி அலைந்த ஒருவனைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். அறிவுரை கூற வரவில்லை. ஒரு வரலாற்றைச் சொல்ல வந்துள்ளேன்.

அவன் பெயர் ஜான் பன்யன். (திருப்பூரை நினைத்துவிட வேண்டாம்.) ஆங்கில நாட்டில் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628இல் பிறந்தவன். ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுப்பது குலத்தொழில். திருமணமானபோது கணவன் மனைவி இருவர்க்கும் சேர்ந்து ஒரு தட்டும் கரண்டியும் கூட இல்லை என்று அவனே எழுதியுள்ளான். மனைவி கொண்டுவந்த சீர், அவள் தந்தை விட்டுச் சென்ற இரண்டு சமய நூல்கள். அவ்வளவே.

அவன் 1678இல் வெளியிட்ட யாத்திரிகன் கதை தமிழர்க்குப் புதியதன்று. 'மோட்சப் பிரயாணம்' என்னும் பெயரில் உரைநடையாக அது தமிழ்க் கிறித்தவர் இல்லங்களில் நெடுங்காலம் படிக்கப்பட்டது. நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் குடியில் தோன்றி, முப்பது அகவையை ஒட்டிக் கிறித்தவம் தழுவிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, அக்கதையைத் தழுவியே 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். 1894இல் வெளிவந்த அக்காப்பியம் ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் உடையது. அவருடைய விருத்தங்களில் கம்பன் நடையின் சாயலைக் கண்டவர்களே அவரைக் கிறித்தவக் கம்பர் என்று போற்றினர். ஆக, எல்ஸ்டோ ஊரின் பாத்திரக்காரனுக்கும் தாமிரபரணிக் கரைக்கும் உள்ள உறவு நான் இட்டுக்கட்டியதன்று. ஆனால் அந்த யாத்திரிகன் கதைக்கு அடியில் இன்னொரு நூல் கிடக்கிறது. 1666இல் பன்யன் சிறையில் இருந்தபோது வெளியான தன்வரலாறு அது. பாவிகளுள் தலையானவனுக்குப் பெருகிய அருள் என்று பொருள்படும் தலைப்புடையது. காப்பியத்தைப் படித்தோர் பலர். இதனைப் படித்தோர் சிலரே. நான் இன்று பேசப்போவது பெரும்பாலும் இந்நூலைப் பற்றியே.

அதற்கு முன், இப்பொருளுக்கெல்லாம் ஊற்றுக்கண்ணான ஒரு காட்சியைப் பார்த்துவிட வேண்டும். மத்தேயு, லூக்கா ஆகிய இரு நற்செய்தி நூல்களிலும் நான்காம் அதிகாரத்தில் வரும் காட்சி. நாற்பது நாள் உண்ணாநோன்பிருந்து பசித்த இயேசுவை அலகை அணுகுகிறது. கற்களை அப்பமாக்கு என்கிறது. ஆலய உச்சியிலிருந்து குதி என்கிறது. என்னை வணங்கினால் உலகின் அரசுகளையெல்லாம் தருகிறேன் என்கிறது. பின்னிரண்டின் வரிசை லூக்காவில் மாறி வரும்; அது நமக்கு இப்போது வேண்டாம். மூன்றுக்கும் இயேசு தம் சொந்தச் சொல்லால் விடை தரவில்லை. எழுதப்பட்டுள்ளது என்று கூறி மேற்கோள் காட்டுகிறார். மூன்று மேற்கோள்களும் உபாகமம் என்னும் ஒரே நூலிலிருந்து, அதிலும் ஆறாம், எட்டாம் அதிகாரங்களிலிருந்து வருகின்றன.

ஏன் அந்த இடம்? நாற்பது ஆண்டுகள் பாலையில் திரிந்து, பசித்து, மன்னா உண்டு பிழைத்த மக்களிடம், யோர்தானைக் கடக்குமுன் மோசே ஆற்றிய உரை அது. நாற்பது நாள் பாலையில் இருந்தவர், நாற்பது ஆண்டு பாலையில் இருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டதை எடுத்துக்கொள்கிறார். அந்த மக்கள் தோற்ற இடத்தில் இவர் நிற்கிறார். இன்னும் ஒன்று: இச்சொற்களை உள்ளத்தில் வை, பிள்ளைகளுக்குச் சொல், வீட்டிலும் வழியிலும் பேசு, கையில் கட்டு, கதவு நிலைகளில் எழுது என்று கட்டளையிடும் பகுதியும் அதே ஆறாம் அதிகாரத்தில்தான் உள்ளது. சொல்லைப் பற்றிக்கொள் என்று கூறும் வரிகளுக்குப் பக்கத்து வரிகளையே அவர் பற்றிக்கொள்கிறார். நாம் மனப்பாடப் பகுதி என்று பள்ளியில் வெறுத்தது, பாலையில் வேறொன்றாகிவிடுகிறது.

கவிஞர்கள் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி வேறு. இரண்டாம் சோதனையில் அலகையும் மேற்கோள் காட்டுகிறது! தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்திலிருந்து, வானதூதர் உன்னைக் கையில் ஏந்திக்கொள்வர் என்னும் கருத்துடைய வரிகளை எடுத்துச் சொல்கிறது. எடுத்துச் சொன்ன முறையைப் பாருங்கள். உன் வழிகளிலெல்லாம் காப்பர் என்று மூலத்தில் இருப்பதில், அந்த 'வழிகள்' என்னும் பகுதி விடுபட்டுப் போகிறது. வழியில் நடப்பவனுக்குத் தந்த உறுதி, உச்சியிலிருந்து குதிப்பவனுக்கு உரியதாகிவிடுகிறது. மேற்கோள் எங்கே நிற்கிறது என்பதும் நோக்கத்தக்கது. அதற்கு அடுத்த வரி சிங்கத்தையும் பாம்பையும் மிதிப்பதைப் பற்றியது. பாம்புக்கு உருவகமான அலகை, பாம்பு மிதிபடும் வரிக்கு முன்னால் நிறுத்திக்கொள்கிறது. நம்முடைய பட்டிமன்றங்களிலும் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் உண்டு.

அதற்கு இயேசு என்ன செய்தார்? அந்த வரி பொய் என்று சொல்லவில்லை. இவ்வாறும் எழுதப்பட்டுள்ளது என்று இன்னொரு வரியை அதன் பக்கத்தில் வைத்தார். திருமறையைப் பற்றுதல் என்றால் ஒரு வரியைப் பற்றுதல் அன்று என்பது இதனால் பெறப்படும். ஓர் அடியின் பொருளை இன்னோர் அடியைக் கொண்டு காண்பது நம் உரையாசிரியர்களும் கைக்கொண்ட நெறிதானே.

இனிப் பன்யனிடம் வருவோம். இளமையில் நாவில் வசைச்சொல் மிகுந்தவன், ஆட்டபாட்டங்களில் திளைத்தவன். பெட்ஃபோர்டில் ஒரு நாள், ஒரு வாசலில் வெயிலில் அமர்ந்து மூன்று நான்கு ஏழைப் பெண்கள் இறைவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கிறான். அவர்கள் பேச்சின் மகிழ்ச்சி அவனைக் கலக்குகிறது. எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறதா என்ற கேள்வி பிறக்கிறது. கேள்வி பிறந்ததும் சோதனையும் பிறக்கிறது. எல்ஸ்டோவுக்கும் பெட்ஃபோர்டுக்கும் இடையிலான சாலையில் நடக்கும்போது ஓர் எண்ணம்: நம்பிக்கை உண்டென்றால் ஓர் அற்புதம் செய்து பார், குதிரைக் குளம்புத் தடங்களில் தேங்கிய நீரை வற்றச் சொல், வறண்ட இடத்தை நீராகச் சொல். சொல்ல வாயெடுத்தவன், முதலில் வேலியோரம் போய் இறைவேண்டல் செய்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறான். பிறகு, வேண்டிய பின்னும் நடக்காவிட்டால் நம்பிக்கையற்றவன் என்று உறுதியாகிவிடுமே என்றஞ்சி விட்டுவிடுகிறான். சிரிப்பதற்குரிய செய்திதான். ஆனால் கல்லை அப்பமாக்கு என்னும் சோதனைக்கும் சேற்று நீரை வற்றச்செய் என்னும் சோதனைக்கும் வேர் ஒன்றே. இருப்பதை நம்பாமல், மெய்ப்பித்துக் காட்டச் சொல்வது.

அடுத்து வந்த ஐயம் சிரிப்பதற்குரியதன்று. யூதரும் துருக்கியரும் பிறரும் தத்தம் சமயமே சரி என்று நினைக்கிறார்கள். நம்முடைய நம்பிக்கையும் கிறித்துவும் திருமறையும் அப்படியொரு வெறும் நினைப்பாகவே இருந்துவிட்டால்? 17ஆம் நூற்றாண்டின் ஒரு சிற்றூர்ப் பாத்திரக்காரன், பல்கலைக்கழக வாசற்படி மிதியாதவன், இந்தக் கேள்வியைக் கேட்டான். கேட்டதோடு நில்லாமல் அதனை அச்சிலும் ஏற்றினான். ஐயம் என்பது படித்தவர்களின் ஆடம்பரம் என்று நினைப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த நிலையில்தான் அந்தத் தேடல் நிகழ்ந்தது. சோர்ந்து கிடந்த ஒரு நாள், பழைய தலைமுறைகளைப் பார், ஆண்டவனை நம்பி ஏமாந்தவர் எவரேனும் உண்டா என்னும் கருத்தில் ஒரு தொடர் அவன் உள்ளத்தில் விழுகிறது. திருமறையில் எங்கோ உள்ள தொடர் என்று உறுதியாகத் தோன்றுகிறது. முதலிலிருந்து கடைசி வரை புரட்டுகிறான், கிடைக்கவில்லை. பெரியவர்களைக் கேட்கிறான், அவர்களுக்கும் தெரியவில்லை. ஓராண்டுக்கு மேல் ஆகிறது. கடைசியில் சீராக்கின் நூலில், இரண்டாம் அதிகாரம் பத்தாம் வரியில் கண்டுபிடிக்கிறான். அந்நூலோ அவன் சார்ந்த சீர்திருத்தச் சபையார் திருமுறை நூலென ஏற்காத தொகுதியில் உள்ளது. கத்தோலிக்கர்க்கு அது திருமறைதான். அவனுக்கோ விலக்கப்பட்ட நூல். முதலில் திடுக்கிடுகிறான். பிறகு, இத்தொடர் பல வாக்குறுதிகளின் சாரமாக இருப்பதால் இதனைக் கொள்வதில் தவறில்லை என்று தேறுகிறான். தன் வாழ்வில் அதன் ஒளி பின்னரும் தனக்கு முன் நின்றதுண்டு என்கிறான்.

நான் இந்த இடத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். சொல்லைப் பற்றுதல் என்பதை எழுத்தைப் பிடித்துத் தொங்குதல் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு நல்ல விடை. எழுத்துக்கு எழுத்துத் தேடியவனும் இவனே. வேலிக்கு வெளியே கிடைத்தபோது சாரத்தைக் கண்டு எடுத்துக்கொண்டவனும் இவனே. பின்னொரு நாள் வயல்வெளியில் நடந்தபோது, உனக்கான நேர்மை விண்ணகத்தில் இருக்கிறது என்னும் பொருளில் ஒரு தொடர் தோன்றி அவன் விலங்குகள் கழன்றன. வீட்டுக்கு வந்து தேடினால் அப்படி ஒரு தொடரே நூலில் இல்லை. நெஞ்சு மீண்டும் தளர்கிறது. பின்பு கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் முதல் அதிகாரத்து முப்பதாம் வரி நினைவுக்கு வந்து, அதே பொருள் அங்கிருப்பதைக் கண்டு அமைதியடைகிறான்.

இனி இந்நூலின் இருண்ட பகுதி. கிறித்துவை விற்றுவிடு என்று ஒரு குரல் அவனுள் எழத் தொடங்கிற்று. ஏறத்தாழ ஓராண்டு அது ஓயவில்லை. உண்ணும்போதும், விறகு வெட்டும்போதும், கீழே விழுந்த குண்டூசியை எடுக்கக் குனியும்போதும் வந்தது. மாட்டேன், ஆயிரம் ஆயிரம் கொடுத்தாலும் மாட்டேன் என்று அவன் விடை சொல்வான். யாரையோ தள்ளுவதுபோல் கைகளையும் முழங்கைகளையும் அசைப்பான். ஒரு நாள் காலை படுக்கையில் கிடக்கையில், போராடிக் களைத்த வேளையில், அவர் விரும்பினால் போகட்டும் என்று ஓர் எண்ணம் நெஞ்சில் ஓடிவிட்டது. அவ்வளவுதான். மரத்தின் உச்சியிலிருந்து அடிபட்டு விழும் பறவையைப் போல் விழுந்தேன் என்கிறான்.

அந்த நேரத்தில் அவனைத் தாக்கியது எது என்று நினைக்கிறீர்கள்? திருமறைச் சொல்லே! எபிரெயர் மடலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஏசாவைப் பற்றிய குறிப்பு உள்ளது. ஒருவேளை உணவுக்காகத் தலைமகன் உரிமையை விற்றவன், பின்னர்க் கண்ணீரோடு தேடியும் இடம் காணவில்லை என்பது. அந்த வரி பன்யனை இரண்டாண்டுகள் வதைத்தது. 'விற்றல்' என்னும் சொல் இரண்டிடத்தும் ஒன்றாக இருந்ததே காரணம். திருமறையைப் படி, சோதனை பறந்துவிடும் என்று எளிதாகச் சொல்லிவிடும் நூல்கள் பல உள்ளன. அவற்றை எழுதியோர் இந்த இரண்டாண்டுகளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மருந்துப் பெட்டியிலேயே வாளும் இருந்தது. அதனை மறைக்காமல் எழுதியதனால்தான் பன்யனை நான் நம்புகிறேன்.

விடிவு ஒரே நாளில் வரவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலில், பன்னிரண்டாம் அதிகாரத்தில், இறையருளே போதுமானது என்று பவுலுக்குச் சொல்லப்படும் ஓரிடம் உண்டு. அத்தொடர் அவன் நினைவுக்கு வந்தது. ஆனால் அரைகுறையாக வந்தது. அருள் போதும் என்பது வந்தது. 'உனக்கு' என்பது வரவில்லை. ஆங்கிலத்தில் அது தொடரின் இறுதியில் நிற்கும். அருள் போதுமானதுதான், யாருக்கு? எனக்கா, மற்றவர்க்கா? அந்த ஒரு சொல்லுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தான். பின்பு ஒரு கூட்டத்தில் அமர்ந்திருக்கையில், தொடர் முழுமையாக, 'உனக்கு' என்பதும் சேர்ந்து, மும்முறை அவன் மேல் வந்து விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் தனக்குப் பேராற்றல் உடையதாக இருந்தது என்கிறான். வேற்றுமை உருபு ஒன்றில் ஒருவன் உயிர் தொங்கியதைத் தமிழாசிரியன் என்ற முறையில் நான் வியக்காமல் இருக்க முடியவில்லை. நான்காம் வேற்றுமை கொடைப்பொருளில் வரும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம்.

அதன் பின்னும் ஏசா விடவில்லை. நாளுக்கு ஒருவராக இரு வரிகளும் அவனை மாறி மாறி ஆண்டன. அவன் ஒரு விருப்பம் கொண்டான்: இவ்விரண்டும் ஒரே நேரத்தில் என் உள்ளத்தில் வரட்டும், எது வெல்கிறது என்று பார்ப்போம். இரண்டு மூன்று நாளில் அவ்வாறே வந்தன. உள்ளே மற்போர் நிகழ்ந்தது. கடைசியில் ஏசாவின் வரி மெலிந்து பின்வாங்கி மறைந்தது. அருளின் வரி நின்றது. இதனை அவன் வெற்றி என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடவில்லை என்பதே சிறப்பு. அச்சுறுத்திய வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, முன்பின் பார்த்து, ஏசா செய்ததற்கும் தான் செய்ததற்கும் உள்ள வேறுபாடு யாது, அவன் எண்ணித் துணிந்து விற்றானா, அவன் அழுதது எதற்காக என்று ஆராய்ந்தான். அருகில் சென்று பார்த்தபோது அவ்வரிகளின் முகம் மாறியிருந்தது, முன்போல் கடுகடுப்பாக இல்லை என்று எழுதுகிறான். உள்ளத்தில் தோன்றிய ஒளியை உரை கண்டு உறுதி செய்துகொண்டான் எனலாம்.

1902இல் வெளியான தம் நூலில் அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ், பன்யனை நோயுற்ற ஆன்மாவுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார். மனச்சான்று அளவுக்கு மீறிக் கூர்மையானவன், விடாத எண்ணங்களுக்கும் தாமாக எழும் சொற்களுக்கும் ஆட்பட்டவன் என்றார். இன்றைய மருத்துவர்களும் அவ்வெண்ணங்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பெயர் பொருந்தக்கூடும், அதனை மறுக்க நான் முற்படவில்லை. இத்தகைய துன்பத்தில் இருப்பவரிடம், நீ சரியாகப் படிக்கவில்லை, சரியாக நம்பவில்லை என்று சொல்வது கொடுமை. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அன்பு. ஆனால் நோய்க்குப் பெயர் வைத்துவிட்டதனால் அவன் கேட்ட கேள்விகளுக்கு விடை கூறியதாகாது. நோயுற்றவன் கேட்டாலும் கேள்வி கேள்விதான்.

ஐயத்தை இழிவாகக் கருதும் பழக்கம் தமிழ் மரபில் இல்லை என்பதையும் இங்கே நினைவூட்டலாம். களவின் தொடக்கத்தில் காட்சி, அடுத்து ஐயம், அதன்பின் தெளிவு என்று நம் இலக்கணம் வைக்கிறது. எதிரே நிற்பவள் மானிடப் பெண்ணோ அணங்கோ என்று தலைவன் ஐயுறுகிறான். சிறப்புடைய பொருளைக் கண்ட விடத்தே ஐயம் தோன்றுதல் சிறப்பு என்பது தொல்காப்பியர் கருத்து. எளியதொன்றைக் கண்டு எவரும் திகைப்பதில்லை. பன்யனின் ஐயமும் பெரியதொன்றின் முன் நின்றவனின் திகைப்பு என்றே நான் கொள்கிறேன். வேறுபாடும் உண்டு. நம் தலைவன் பூ வாடுவதையும் கண் இமைப்பதையும் கண்டு தெளிவான். பன்யனுக்கு அத்தகைய புறக்குறிகள் கிடைக்கவில்லை. அவனிடம் இருந்தது சொல் மட்டுமே.

1660ஆம் ஆண்டு நவம்பரில் உரிமம் இன்றிச் சமயவுரை ஆற்றினான் என்று பன்யனைக் கைது செய்தனர். இனிப் பேசமாட்டேன் என்று ஒரு சொல் கொடுத்திருந்தால் விட்டிருப்பார்கள். கொடுக்கவில்லை. 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கழிந்தன. முனையில் தகடு பொதிந்த நாடாக்களைச் செய்து குடும்பத்துக்கு அனுப்பினான். பிள்ளைகள் நால்வருள் மூத்தவள் பார்வையற்றவள். மனைவி மக்களைப் பிரிந்தது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதுபோல் இருந்தது என்கிறான். இப்போது சோதனையின் குரல் மாறிவிட்டது. விற்றுவிடு என்று கத்தவில்லை. வீட்டுக்குப் போ என்று கனிவாகச் சொல்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் கடுமையான சோதனை.

அந்தச் சிறையில் ஒரு கட்டம். தூக்கிலிடப்படுவோம் என்ற எண்ணம் அவனைப் பிடித்துக்கொள்கிறது. சாவை அவன் அஞ்சவில்லை என்பதன்று. ஏணியில் ஏறும்போது கால் நடுங்கினால் பகைவர் நம்பிக்கையை எள்ளுவார்களே என்பது ஒன்று. செத்தபின் எங்கே போவாய், விண்ணகம் உண்டென்பதற்கு உன்னிடம் என்ன சான்று என்னும் பழைய ஐயம் மற்றொன்று. இறைவனிடம் ஓர் ஆறுதல் சொல்லை வேண்டுகிறான். பல வாரங்கள் வேண்டியும் ஒன்றும் வரவில்லை. அப்போது அவன் ஒரு முடிவுக்கு வருகிறான். ஆறுதல் தருவதும் தராததும் இறைவன் விருப்பம். நான் சொன்ன சொல்லில் நிற்பது என் கடமை. ஏணியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நித்தியத்துக்குள் குதித்துவிடுவேன். கிறித்து பிடித்தால் பிடிக்கட்டும், பிடிக்காவிட்டாலும் அவர் பெயரால் குதிப்பேன்.

ஆலய உச்சியில் கேட்ட குரலை மீண்டும் நினையுங்கள். குதி, தூதர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்றது அது. பிடிப்பார்கள் என்ற உறுதியோடு குதிப்பது சோதனை. பிடிப்பார் என்ற உறுதி இன்றியும் கடமையின் வழியிலிருந்து விலகாதிருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர்.

அந்த முடிவை எடுத்த உடனே ஒரு வரி அவன் நினைவில் வந்து விழுந்தது. யோபு நூலின் முதல் அதிகாரம். யோபு ஆதாயம் இன்றியா கடவுளுக்கு அஞ்சுகிறான் என்னும் வினா. அதனைக் கேட்பவன் யார்? சாத்தான்! இறைவன் திருமுன் நின்று யோபுவைப் பழித்துக் கேட்ட கேள்வி அது. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் இறைவனுக்குப் பணிபுரிபவன் நேர்மையாளன் என்பதைச் சாத்தானும் ஒப்புகிறானே, நான் இப்போது ஒன்றுமே இன்றிப் பணிபுரியத் துணிந்திருக்கிறேனே என்று பன்யன் மகிழ்கிறான். பாலைவனத்தில் அலகை திருமறையின் வரியை எடுத்து ஆயுதமாக்கிற்று. பெட்ஃபோர்டு சிறையில் ஒரு பாத்திரக்காரன், திருமறைக்குள் இருந்த அலகையின் வரியை எடுத்து ஊன்றுகோலாக்கிக் கொண்டான். இதைவிட நயமான மேற்கோளாட்சியை நான் எங்கும் கண்டதில்லை.

இவற்றையெல்லாம் அறிந்தபின் யாத்திரிகன் கதையின் ஐயக் கோட்டைக்கு வந்தால், அது வெறும் உருவகமாகத் தோன்றாது. பாதை கரடுமுரடாக இருக்கிறதே என்று வேலி தாண்டிப் புல்வெளியில் நடந்த யாத்திரிகனும் அவன் துணைவனும், அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் சிக்குகிறார்கள். புதன் காலை முதல் சனி இரவு வரை இருட்டறை. உணவில்லை, நீரில்லை. அரக்கன் தடியால் அடிக்கிறான். பின்பு, கத்தியோ கயிறோ நஞ்சோ எடுத்து உங்கள் உயிரை நீங்களே போக்கிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கூறுகிறான். யாத்திரிகன் அதற்கு இணங்கும் நிலைக்கு வந்துவிடுகிறான். துணைவனே தடுத்து நிறுத்துகிறான். சோதனையில் தனியாக இருக்கக் கூடாது என்பதைப் பன்யன் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டான். சனி நள்ளிரவில் இறைவேண்டலைத் தொடங்குகிறார்கள். விடியும் வேளையில் யாத்திரிகனுக்குத் திடீரென்று நினைவு வருகிறது: என் மார்பில் வாக்குறுதி என்னும் திறவுகோல் இருக்கிறதே! நான்கு நாளும் அது அங்கேதான் இருந்தது. இரண்டு கதவுகள் எளிதாகத் திறக்கின்றன. வெளி இரும்பு வாயிலின் பூட்டோ மிகக் கடினமாகத் திரும்புகிறது. வாயிலின் கிறீச்சொலியில் அரக்கன் விழித்துவிடுகிறான். துரத்த எழுந்தவனுக்கு வலிப்பு வந்து கைகால் ஓய, இவர்கள் தப்புகிறார்கள்.

அந்தக் கடைசிப் பூட்டைச் சில சுருக்கப் பதிப்புகள் விட்டுவிடுகின்றன. விடக்கூடாத இடம் அது. 'உனக்கு' என்னும் சொல்லுக்காகக் காத்திருந்த வாரங்கள் அந்தப் பூட்டில்தான் இருக்கின்றன.

1684இல் வந்த இரண்டாம் பகுதியில் அரக்கன் கொல்லப்படுகிறான்; ஏழு நாள் வேலை செய்து கோட்டையை இடித்துத் தள்ளுகிறார்கள். ஆனால் பாவம் அந்தக் கோட்டையை மீண்டும் கட்டிவிடக்கூடும், அரக்கனையும் எழுப்பிவிடக்கூடும் என்று ஒரு சிறு செய்யுளில் பன்யனே எச்சரித்து வைக்கிறான். தன்வரலாற்றின் இறுதியிலும், இன்றளவும் தன் நெஞ்சில் காணும் குறைகள் ஏழு என்று வரிசைப்படுத்துபவன், முதலாவதாக வைப்பது நம்பாமையின்பால் சாயும் இயல்பையே. எல்லாம் கடந்துவிட்டேன் என்று அவன் எழுதவில்லை.

இடிக்கப்பட்ட கோட்டையிலிருந்து இருவர் உயிரோடு மீட்கப்படுகின்றனர்: மனச்சோர்வு என்னும் முதியவரும், பேரச்சம் என்னும் அவர் மகளும். இருவரும் யாத்திரையில் சேர்ந்துகொள்கிறார்கள். கடைசியில் மரண ஆற்றைக் கடக்கும் முறை வருகிறது. வாழ்நாளெல்லாம் அஞ்சி நடுங்கிய அந்தப் பெண் பாடிக்கொண்டே ஆற்றுக்குள் இறங்குகிறாள். அவள் என்ன பாடினாள் என்பது கரையில் நின்ற எவர்க்கும் விளங்கவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறான் பன்யன்.